கணவாய்க் குழம்பு

சார், ஒரு சின்ன உதவி. தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் புரோட்டாவக் கொஞ்சம் பிச்சுப் போட்டுத் தரீங்களா? கையப் பாருங்க, வலது கை முழுக்கக் கட்டு. எடது கையால அள்ளித் திங்கப் பழகிட்டேன். பிக்கத்தான் வரமாட்டேங்குது. புரோட்டாங்கிறது ரெண்டு கை வேல சார். சப்ளையர்ட்டச் சொன்னா அவன் அவசரத்துல கோழிக்குத் தீனி போடுற மாதிரி நொறுக்கிப் போட்டுட்டு ஓடிர்றான். நீங்க நிதானமாப் பிக்கிறீங்க. தூரத்துல இருந்தே பாத்தேன். அதான் அங்க எடம் இருந்தும் இந்த டேபிளுக்கு வந்தேன்.

இன்னும் கொஞ்சம் சின்னதா. ஓரத்த நொறுக்குங்க, நடுவப் பிய்யுங்க. ஆங், அதேதான். சால்னாவ நடுவுல ஊத்தாதீங்க, சுத்தி ஊத்துங்க. ஊறட்டும். அவசரப்படக் கூடாது.

வெளியூரா? கோயம்புத்தூரா! அதான் வேடிக்கை பாக்குறீங்க. இங்க விருதுநகர்ல புரோட்டாவ எண்ணெயில பொரிச்சுத்தான் எடுப்பாங்க. உங்க ஊர்ல இந்தக் கதையே கெடையாது. நமக்கு இந்த ஊர்தான். வத்தல் கமிஷன் மண்டி வச்சிருக்கேன். தனுஷ்கோடின்னு பஜார்ல யார்ட்ட வேணா கேளுங்க. மொளகா வத்தல ஒடச்சு மோந்து பாத்தே எந்தக் காட்டுல வெளஞ்சதுன்னு சொல்லுவேன். மூக்கு அப்படி. மூக்குதான் சார் எனக்கு எல்லாம்.

நான் பெரிய ஓட்டலுக்குப் போறதில்ல. ஏசி போட்டு, துணிய மடிச்சு வச்சு, தட்டுல ஓவியம் வரஞ்சு கொண்டாருவான். அது எதுக்கு? சாப்பாடுன்னா இந்த மாதிரிக் கடையிலதான். பெஞ்சு ஆடணும், கல்லு முன்னால மாஸ்டருக்கு வேர்த்து ஊத்தணும். மதுரையில கறி தோச, கடையநல்லூர்ல பிரியாணி, கொழும்புல கொத்து. கொழும்புல அந்தக் கொத்துற சத்தம் இருக்கே, ரெண்டு தகட்டையும் வச்சு டக்கு டக்குன்னு, தெரு முனையிலயே கேக்கும். கேட்டாலே எனக்கு ரத்தம் சூடாயிரும்.

எங்க போனாலும் என் சம்சாரத்தக் கூட்டிட்டுத்தான் போவேன். சந்தனமாரி. அவ இல்லாம நான் ஒரு கடைப் படி ஏறுனதில்ல. ஊர்ல எத்தன பேரு பொண்டாட்டியக் கொழும்பு வரைக்கும் கூட்டிட்டுப் போயிச் சாப்பாடு வாங்கிக் குடுக்கிறான், சொல்லுங்க? செவத்தப் பாத்து உக்காத்தி வச்சிருவேன். நாலு பேரு பாக்க வேண்டாம்ல. அவளுக்கும் நானே சொல்லிருவேன். இது சாப்பிடு, அது வேண்டாம்னு. அவ ஒரு நாளும் எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. அவ்வளவு திருப்தி.

ஒரு தடவ கோவில்பட்டி ரோட்டுல ஒரு கடை. வயசான சப்ளையர், கண்ணாடி போட்டவரு. சால்னா வாளியக் கொண்டாரும்போது கை நடுங்கி இவ சேலையில கொஞ்சம் ஊத்திட்டாரு. புதுச் சேல சார். விடுவனா? எந்திரிச்சேன். சட்டையப் புடிச்சு மூஞ்சியிலயே விட்டேன். கண்ணாடி தெறிச்சுருச்சு. மூக்குல ரத்தம். மொதலாளி ஓடி வந்தான், அவனுக்கும் ஒண்ணு. யாருக்காக அடிச்சேன்? அவளுக்காக. இவ என்ன பண்ணுனா தெரியுமா? தரையில குனிஞ்சு அந்தக் கண்ணாடிச் சில்லப் பொறுக்கிக்கிட்டு இருக்கா. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து பஸ்ஸுல ஏத்துனேன். வழியெல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்தா. சரி, நமக்காகத்தான் அழுறான்னு நெனச்சு, "என்னடி?"ன்னேன். "கண்ணாடி இல்லாம அவரு வீட்டுக்கு எப்படிங்க போவாரு?"ங்கிறா! எப்படி இருக்கு பாருங்க. நன்றின்னு ஒண்ணு இல்ல.

நான் கோவக்காரன் இல்ல சார். மண்டியில வந்து கேளுங்க. யாவாரத்துல என் கொரல் ஒசந்து யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. சாப்பாடு விஷயத்துல மட்டும் எனக்கு ஒரு நேர்ம வேணும். அவ்வளவுதான்.

வெளியில நல்லா ஒண்ணு சாப்பிட்டா அத வீட்டுலயும் செய்யணும்பேன். அதுல என்ன தப்பு? கொழும்புல இருந்து வந்ததும் கொத்து செய்யச் சொன்னேன். மொதத் தடவ ஒரே முட்ட வாட. தட்டோட வீசுனேன். செவத்துல பட்டுத் தெறிச்சு அவ நெத்தியில வெட்டிருச்சு. தையல் போட்டோம். நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன், நானே மாத்திர வாங்கிக் குடுத்தேன். அடுத்த தடவ உப்பு. அதுக்கடுத்த தடவ வெங்காயம் கருகல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாடம். கடைசியா ஒரு நாள் செஞ்சா பாருங்க, அப்படியே கொழும்பு! ரெண்டு தட்டு சாப்பிட்டேன். அப்படி ஒரு கையி அவளுக்கு வந்துச்சுன்னா அது யாரால? நான் இல்லேன்னா அவ இன்னும் ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவுன்னு தெரியாமத்தான் இருந்திருப்பா.

எங்களுக்கு ஒரே பொண்ணு. அருள்செல்வி. அதுக்குச் சின்ன வயசுலயே ஒரு கெட்ட பழக்கம். நான் தட்டு முன்னால உக்காந்தேன்னா போதும், பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக் கொழாயத் தொறந்து விட்டுக்கும். சர்ருன்னு தண்ணி போயிக்கிட்டே இருக்கும். நான் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும். நம்ம ஊர்ல தண்ணிக் கஷ்டம் தெரியும்ல? தண்ணிய வீணாக்குறியேன்னு அதுக்கும் ரெண்டு போட்டிருக்கேன். இப்ப அதுதான் பினாங்குல பெரிய கம்பெனியில இன்ஜினியரா இருக்கு. மலேசியா. தனியா பிளாட்டு எடுத்து இருக்கு. கல்யாணப் பேச்செடுத்தா போன வச்சிரும்.

யோவ்! இங்க வா. இது என்ன? சால்னாவா, கழுவுன தண்ணியா? ஆறிப்போயிருக்கு. எடுத்துட்டுப் போ. எடுத்துட்டுப் போங்கிறேன்!

பயந்துட்டீங்களா? டம்ளர்தான். ஒண்ணும் ஆகல, ஸ்டீல் டம்ளர் ஒடையாது. தண்ணி உங்க மேல படலைல்ல? துடச்சுக்கங்க. இப்படிச் சொன்னாத்தான் சார் சூடா வரும்.

எங்க விட்டேன்... பினாங்கு. அருள்செல்வி போன் பண்ணி, "அம்மாவக் கொஞ்ச நாளு அனுப்பி வைங்கப்பா"ன்னுச்சு. அம்மாவ மட்டும். நான் சிரிச்சேன். ஒத்தையில அவ எங்க போவா? பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறத் தெரியாது. நானும் வாரேன்னேன். அந்தப் பக்கம் கொழாயத் தொறந்து விடுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் "சரிப்பா"ன்னுச்சு.

சும்மா சொல்லக் கூடாது, பினாங்கு சாப்பாட்டுக்குன்னே உண்டாக்குன ஊரு. அங்க நம்ம கடையநல்லூர்க்காரங்க கடைக நெறைய இருக்கு. ஒரு தட்டுச் சோறு. முன்னால தட்டுத் தட்டா மட்டன், கோழி, மீன், வெண்டக்கா. கைய நீட்டிக் காட்டணும். காட்டுனத வச்சு, அதுக்கு மேல நாலஞ்சு கொழம்பையும் ஒண்ணா ஊத்துவான். சோறு தெரியாது, முங்கிரும். கேக்கும்போது கண்றாவியா இருக்கும். வாயில வச்சா, அடடா! நாலு கொழம்பும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுச் சமாதானம் ஆயிருக்கும்.

கடைக்காரரு பேரு நைனா முகமது. என்னப் பாத்ததுமே, "வாங்கண்ணே, நம்ம ஊரா?"ன்னாரு. நான் மட்டன் சொன்னேன். அவரு கரண்டியோட இவ பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு என்ன வைக்கட்டும்?"

"அவளுக்கும் மட்டன்தான்"னேன்.

அவரு சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, நான் அக்காட்டல்ல கேட்டேன்?"ங்கிறாரு.

என்ன கொழுப்பு பாருங்க. ஊர் விட்டு ஊர் வந்த எடத்துல எதுக்கு வம்புன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இவ என்னப் பாத்தா. தட்டுகளப் பாத்தா. மறுபடி என்னப் பாத்தா. அப்பறம் ஒரு வெரல நீட்டி, "அது"ன்னா. கறுப்பா என்னமோ மீனு கெடந்துச்சு. கிட்டப் போயி, "கணவாயா? மையோடயா வச்சிருக்கீங்க?"ங்கிறா. அவருக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. "அக்கா தூத்துக்குடியா! மையோட கேக்குறது தூத்துக்குடி ஆளுதான்!" இவ சிரிச்சுட்டா சார். சத்தமா. பல்லு தெரிய. எங்க கல்யாண போட்டோவுல கூட அவ அப்படிச் சிரிக்கல.

தூத்துக்குடிதான் அவ பெறந்த ஊரு. கடல்ல இருந்து வர்றது எதுவும் எனக்கு ஆகாது. வாட. கல்யாணம் ஆன புதுசுல அவ அம்மா ஒரு சட்டியில கருவாட்டுக் கொழம்பு குடுத்துவிட்டாங்க. சட்டியோட தெருவுல எறிஞ்சேன். அதோட சரி, எங்க வீட்டுக்குள்ள மீன் வந்ததில்ல. அவளும் கேட்டதில்ல. மறந்துட்டான்னுதான் நெனச்சேன். அன்னைக்கு அவ அந்தக் கணவாயத் தின்னதப் பாக்கணும். பக்கத்துல நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன்கிற நெனப்பே இல்ல. வெரல் ஒவ்வொண்ணா நக்குறா. ஒதடெல்லாம் கறுப்பு. அருள்செல்வி பாத்துக்கிட்டே இருக்கு, பிள்ளையத் தின்ன வச்சுத் தாய் பாக்குற மாதிரி. எனக்கு மட்டன் எறங்கல.

சரின்னு விட்டேன். பெருந்தன்மையா விட்டேன். மறுநாள் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சா வீட்டுல யாரும் இல்ல. கொஞ்ச நேரத்துல தாயும் மகளும் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. என்னப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு.

"எங்க போனீங்க?"

"சும்மா கடை வரைக்கும்."

"கையக் காட்டு."

சோப்புப் போட்டுக் கழுவியிருக்கா. என் மூக்க ஏமாத்த முடியுமா? நகக்கண்ணுல இருந்துச்சு, அந்த வாட. நான் இல்லாம கடைக்குப் போயிருக்கா. நான் தூங்குற நேரம் பாத்து. வேற ஒருத்தன் கையால வச்சத, சிரிச்சுச் சிரிச்சுத் தின்னுட்டு வந்திருக்கா. நீங்களே சொல்லுங்க சார், எந்தப் புருஷனுக்குப் பொறுக்கும்? ஒரு அற விட்டேன். ஒண்ணே ஒண்ணு. செவத்துல போயி இடிச்சுக்கிட்டா.

அருள்செல்வி நடுவுல வந்து நின்னுச்சு. "அப்பா, இது என் வீடு."

"உன் வீடுன்னா?"

"என் வீடுன்னா என் வீடு. இங்க கைய நீட்டாதீங்க."

பெத்த பொண்ணு. நான் படிக்க வச்ச பொண்ணு. எனக்குச் சட்டம் சொல்லுது.

அப்பறம் நானே யோசிச்சேன். சரி, இவளுக்குக் கணவாய்தானே வேணும்? அந்த நைனா முகமது வைக்கிறத நான் வைக்க மாட்டேனா? வீட்டுல ஞாயித்துக்கெழம நான்தான் சார் சமையல். நல்லி வறுவல், கோழிச் சுக்கா, எல்லாம் என் கை. அன்னைக்கு அடுப்படிக்குள்ள யாரும் வரக் கூடாது. நான் கேக்குறத நறுக்கிக் குடுத்துட்டு, பாத்திரத்தக் கழுவிட்டுப் போயிரணும். ஊர்ல சொந்தக்காரங்க எல்லாம், "சந்தனமாரி குடுத்து வச்சவ, புருஷன் ஆக்கிப் போடுறான்"னுதான் சொல்லுவாங்க. அதனால முடிவு பண்ணுனேன். என் மூக்குக்கு ஆகாதத, என் கையாலயே அவளுக்கு ஆக்கிப் போடுறதுன்னு. எந்த ஆம்பள செய்வான்?

மறுநாள் காலையில மார்க்கெட்டுக்குப் போனேன். அருள்செல்வி, "அம்மா செய்யட்டும்ப்பா"ன்னுச்சு. விடல. கணவாயத் தொட்டிருக்கீங்களா? வழவழன்னு கையில நிக்காது. கண்ணு வேற முழிச்சு நம்மளயே பாக்கும். அது வயித்துல இருக்கிற மைப் பை ஒடஞ்சு சட்டையெல்லாம் கறுப்பு. ரெண்டு தடவ வாந்தி வந்துச்சு. மூக்குல துணியக் கட்டிக்கிட்டுச் சுத்தம் பண்ணுனேன். சின்ன வெங்காயம், தக்காளி, சோம்பு, நம்ம ஊர்ல இருந்து கொண்டு போன வத்தப் பொடி. மையையும் ஊத்தி, கொதிக்க விட்டேன். பக்கத்து அடுப்புல தோசைக்கல்லு காஞ்சுக்கிட்டு இருக்கு, கொழம்புக்குத் தொட்டுக்க ரெண்டு தோச ஊத்தலாம்னு. வேர்த்து ஊத்துது. அந்த ஊரு வெக்க அப்படி. ஆனா மனசுல ஒரு சந்தோஷம். ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒரு தட்டுல கொஞ்சம் கணவாய் எடுத்து வச்சு, "இந்தா, தின்னு பாரு"ன்னேன்.

அவ அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே ஒரு துண்ட எடுத்து வாயில போட்டா. மென்னா. ரொம்ப நேரம் மென்னா. அருள்செல்வி வாசப்படியில நிக்குது.

"எப்படி?"ன்னேன்.

என்ன நேராப் பாத்தா. "நல்லா இல்ல"ன்னா.

எனக்குக் காதுல சரியா விழலையோன்னு, "என்னது?"ன்னேன்.

"நல்லா இல்லங்க."

சார், கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து நான் எத்தனையோ ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு நாளு அவ வாயில இருந்து அந்த வார்த்த வந்ததில்ல. நான் கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாலயே "நல்லா இருக்குங்க"ன்னுருவா. என் கையில கொழம்புக் கரண்டி இருந்துச்சு. எப்படிப் போச்சுன்னே தெரியல. அவ தோள்பட்டையில விழுந்துச்சு. கரண்டியில இருந்த கொழம்பு கழுத்துல தெறிச்சுருச்சு. கொதிக்கிற கொழம்பு. அவ துடிச்சிருக்கணும்ல? கழுத்தக் கூடத் தொடைக்கல.

"நல்லா இல்லன்னு சொன்னேன்"னா மறுபடியும்.

கரண்டிய ஓங்குனேன். ஓங்குன கை கீழ வரல. புடிச்சுட்டா. ரெண்டு கையாலயும், மணிக்கட்டுல. என்ன பலம் சார் அது! மாவாட்டுன கை, தண்ணி எறச்ச கை, மூட்ட மூட்டையா வத்தல வெயில்ல காயப் போட்டு அள்ளுன கை. கரண்டி கீழ விழுந்துச்சு. நான் உருவப் பாத்தேன். முடியல. அப்படியே திருப்பி, என் உள்ளங்கையத் தோசைக்கல்லுல வச்சு அழுத்துனா.

மாவ ஊத்துனா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்.

ஒடம்பு பாரத்தையெல்லாம் கையில ஏத்தி அழுத்துறா. நான் கத்துறேன். காலால ஒதைக்கிறேன். ஒதையும் வாங்கிக்கிறா, கையும் விடல. தோல் கருகுற வாட என் மூக்குக்கே வருது. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. பொங்கப் போற பால நின்னு பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. கோவம் இல்ல, அழுக இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டே சொல்றா, "கத்தாதீங்க. பக்கத்து வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

அது என் வார்த்த சார்! நான் அவளுக்குச் சொல்ற வார்த்த! என்கிட்டயே திருப்பிச் சொல்றா.

அருள்செல்வி உள்ள வந்துச்சு. சரி, வெலக்கி விட வருதுன்னு பாத்தா, அடுப்ப அமத்துச்சு. எந்த அடுப்ப? கொழம்பு அடுப்ப. மொதல்ல கொழம்பு அடுப்ப அமத்திட்டு, மூடியத் தேடி எடுத்துச் சட்டிய மூடிட்டு, அப்பறந்தான் தோசைக்கல்லு அடுப்புக்குக் கைய நீட்டுச்சு. நான் பெத்த பொண்ணு. "அம்மா, போதும்"னுச்சு. அப்பறந்தான் அவ விட்டா. கைய எடுத்தா, தோல் பாதி கல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

சாப்பிடுங்க சார். ஏன் நிறுத்திட்டீங்க? ஓ, இந்தப் பேச்சா? சரி சரி, மெதுவாச் சாப்பிடுங்க.

ஆஸ்பத்திரிக்கு அதுதான் கூட்டிட்டுப் போச்சு. சீன டாக்டரம்மா. கையப் பாத்துட்டு என்னமோ கேட்டாங்க. அருள்செல்வி என்கிட்டத் திரும்பி, "எப்படி ஆச்சுன்னு கேக்குறாங்கப்பா. அம்மா நம்ம ஊரு ஆஸ்பத்திரியில எப்பவும் பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னுதான் சொல்லும். நீங்க எங்க வழுக்கி விழுந்தீங்கன்னு சொல்லட்டும்?"னுச்சு.

என்ன நக்கல் பாருங்க. நான் பொறுமையா, "சமைக்கும்போது கை தவறிக் கல்லுல பட்டுருச்சுன்னு சொல்லு"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? குடும்ப மானம். பொண்டாட்டியக் காட்டிக் குடுப்பனா? அந்த நெலமையிலயும் நான் அவளக் காப்பாத்துனேன் சார். அத யாரும் யோசிக்கல.

அந்த டாக்டரம்மா கண்ணு இவ கழுத்துல போயி நின்னுருச்சு. கொப்பளிச்சுக் கெடந்துச்சுல்ல. அவளத் தனியா ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்திட்டாங்க. தமிழ் தெரிஞ்ச நர்ஸம்மா ஒருத்தரும் உள்ள போனாங்க. ரொம்ப நேரம் வரல. என் கைக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, எல்லாம் முடிஞ்சும் அவ வரல. உள்ள அவ்வளவு நேரம் என்ன பேசியிருப்பா? அவளுக்குப் பேசவே தெரியாது சார். எங்க வீட்டுல அவ கொரல யாரும் கேட்டதே இல்ல. வெளிய வரும்போது நர்ஸம்மாதான் அழுத மாதிரி இருந்தாங்க. இவ மூஞ்சி தெளிவா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அருள்செல்வி, "உங்களுக்கு மட்டும் நாளைக்கு டிக்கெட் போட்டிருக்கேன்ப்பா"ன்னுச்சு.

"உங்கம்மா?"

"அம்மா வரல."

"அத அவ வந்து சொல்லட்டும். சந்தனம்! ஏய் சந்தனம்!"

உள் ரூம்ல இருந்து, "வரல"ன்னு ஒரே ஒரு வார்த்த. எந்திரிச்சுக்கூட வரல. கதவ நோக்கிப் போனேன். அருள்செல்வி கதவுக்கு முன்னால நின்னுக்கிட்டு, மெதுவா, ரொம்ப மெதுவாச் சொல்லுச்சு: "போலீசுக்குச் சொல்லட்டுமான்னு டாக்டர் கேட்டிருக்காங்க. அம்மா யோசிச்சுச் சொல்றேன்னிருக்கு. அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க கெளம்பிட்டா நல்லதுப்பா." ஏர்போர்ட் வரைக்கும் வந்துச்சு. பெட்டியத் தூக்கி வச்சுச்சு. கை வலிக்குதாப்பான்னு ஒரு வார்த்த கேக்கல.

இப்ப வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். சமைக்க முடியல. கத்தியப் புடிக்க முடியல. ரெண்டு வேளையும் கடைதான். ஊர்ல கேட்டா, மக வீட்டுல இருக்கா, வந்துருவான்னு சொல்லி வச்சிருக்கேன். வந்துருவா சார். எங்க போவா? அவளுக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்ணு. எனக்கு ஒரே ஒரு விஷயந்தான் மனச அரிக்குது. தூக்கம் இல்ல. அதுக்காகத்தான், சொல்லப்போனா, உங்ககிட்ட இன்னொரு உதவியும்...

உங்க போன் குடுங்களேன். பயப்படாதீங்க. சந்தனத்துக்குப் பொண்ணு புதுசா ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்கு. நம்பர் எனக்கு மனப்பாடம். என் நம்பர்ல இருந்து போட்டா போகமாட்டேங்குது, என்னமோ பண்ணி வச்சிருக்காங்க. மண்டி நம்பரும் அப்படித்தான். உங்க நம்பர் புது நம்பர். வாட்ஸ்அப்புல போடுங்க. ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். சண்ட போடமாட்டேன். சத்தியமா. நான் சொல்லச் சொல்லப் போடுங்க... ஆங், மலேசியா. மொதல்ல நீங்க ஹலோ சொல்லுங்க. என் கொரலக் கேட்டா வச்சிருவா. எடுத்துட்டாளா? குடுங்க, குடுங்க சார். இப்படி எடது கையில வைங்க.

சந்தனம். நான்தான். வைக்காத! வைக்காத, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சிர்றேன். கை... கையெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு அந்தக் கொழம்பு. நெசமாவே நல்லா இல்லையா? ஏன் கேக்குறேன்னா... சொல்லு. உண்மையச் சொல்லு. புளி ஏறிருச்சா? மை கூடிப்போச்சா? ... என்னது? ... ம். ... ம். ... சந்தனம்? ஏய், சந்தனம்!

வச்சுட்டா.

கேட்டீங்களா சார்? உங்களுக்குக் கேட்டிருக்குமே! "கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு"ன்னா! நான் ஊருக்குக் கெளம்பி வந்தப்பறம் ரெண்டு பேரும் அந்தச் சட்டியையே காலி பண்ணியிருக்காங்க. வழிச்சுத் தின்னாங்களாம்! அவ வாயாலயே சொல்றா! அப்பறம் என்னமோ சொன்னா... "ஒரே ஒரு தடவ உங்க மூஞ்சியப் பாத்து நல்லா இல்லன்னு சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்"னு. அது என்ன பேச்சு, அர்த்தம் இல்லாத பேச்சு. அத விடுங்க. நல்லாத்தான் இருந்துச்சாம்! நான் பொறந்ததுல இருந்து கையால தொடாத கறி, மொதத் தடவ வச்சேன், சட்டியக் காலி பண்ணியிருக்காங்க! எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும். என் மூக்கு பொய் சொல்லாது.

யோவ், இங்க ஆளுக்கு ரெண்டு புரோட்டா கொண்டா! சாருக்கும் என் கணக்குலயே போடு. ஒரு ஈரல் வறுவலும் சொல்லு. என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? எலையில பாதி அப்படியே இருக்கு. போனா? தர்றேன், தர்றேன், எங்க போயிறப் போவுது? இன்னொரு தடவ அவளக் கூப்பிட்டுப் பேசணும்ல. உக்காருங்க. உங்களுக்கும் சேத்துச் சொல்லியாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல?

உக்காருய்யா.